மூன்றாம் நாள், ரீகா

மழைக்கு இன்னும் மூன்று வாரம்.
ஃபோர்ட்டில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில்
தோஷி தம்பதிக்கு ரீகாவைத் தட்டச்சு செய்கிறேன்.

காலை ஒன்பது: பழைய நகரம், கல் பாவிய தெருக்கள்.
குதிகால் உயர்ந்த செருப்பு வேண்டாம்,
அடிக்கோடிட்டேன். திருமதி தோஷியைப் பார்த்திருக்கிறேன்.

பத்தரை: சந்தை.
வான்கப்பல் நிறுத்திய கொட்டகைகளின் கூரைக்கடியில்
புகையூட்டிய மீன்.
ஜைனர்கள். மீனை நீக்கினேன்,
பாதிச் சந்தை போயிற்று.
பீட்ரூட் போயிற்று, வெங்காயம் போயிற்று.
மிஞ்சியது கூரை.

மதியம் ரயிலில் யூர்மலா கடற்கரை, அரை மணி.
தண்ணீரில் உப்பு குறைவு,
வெகுதூரம் நடந்தாலும் முழங்கால்தான்.
ரயிலில் உட்கார இடம் கிடைக்கும் என்று
யாரும் கேட்காமலே சேர்த்தேன்.

ஜூனில் சூரியன் இறங்கப் பத்தேகால் தாண்டும்.
அதற்குள் அறைக்குத் திரும்பலாம்,
திரும்பாமலும் இருக்கலாம்.

பத்தேகாலுக்கு நான் வடாலா நடைமேம்பாலத்தில்,
முன்னால் போகிறவரின்
நனைந்த முதுகுக்குப் பின்னால்.

ஜூலையில் தோஷி வந்தார், குடை சொட்டச் சொட்ட.
டிஷ்யூ தாளில் சுற்றிய அம்பர் துண்டு,
கொண்டைக்கடலை அளவு.
உள்ளே காலை மடக்கிய ஒரு கொசு.
“நாலு கோடி வருஷமாம், கடைக்காரன் சொன்னான்.”
சந்தைக்குப் போகவில்லையாம்.
கடலுக்குப் போனார்களாம், குளிராம்.
அவள் செருப்பு அறுந்துபோனதாம்.

விளக்கில் பிடித்துப் பார்த்தேன்.
மணிக்கட்டில் இன்னொரு கொசு உட்கார்ந்தது.
தோஷி எதிரே இருந்ததால் அடிக்கவில்லை.

அடுத்த கோப்பு: தாலின், நால்வர், ஒரு கைக்குழந்தை.
கோபுரத்துக்கு எத்தனை படிகள் என்று
தேடத் தொடங்கினேன்.