முந்நூற்று எண்பது

சித்திரை ராத்திரி.
கோட்டைச் சுவர் இன்னும் சுடுகிறது என்று
தொட்டுப் பார்த்துவிட்டு வந்து சொன்னான் இர்ஃபான்.
நான் கால்குலேட்டரோடு உட்கார்ந்திருந்தேன்.

கேமராத் தவணை பதினோராயிரத்து எழுநூறு.
வாடகை, தோட்டப்பாளையத்து விலையில்.
இர்ஃபான் சம்பளம், அவன் பைக்குக்குப் பெட்ரோல்.
ஹார்ட் டிஸ்க்கை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை;
பாக்கி வைத்துவிட்டுப் போன நான்கு கல்யாணங்கள்
அதில்தான் வாடகையில்லாமல் குடியிருக்கின்றன.
எல்லாம் கூட்டி
மாதத்து முகூர்த்தங்களால் வகுத்தால்
கல்யாணம் ஒன்றுக்கு நாற்பத்திரண்டாயிரம்.
ஆடியில் வகுக்க எண்ணே இல்லை.
பூஜ்யத்தால் வகுக்கக் கூடாது என்று
கணக்கு டீச்சர் அடித்துச் சொன்னது
இதைத்தான் போலிருக்கிறது.

நாற்பத்திரண்டு என்று பென்சிலில் எழுதினேன்.
அழித்து முப்பத்தெட்டு என்று எழுதினேன்.
சத்துவாச்சாரியில் ஒருவன்
முப்பதுக்கு ட்ரோனும் சேர்த்துத் தருகிறான்.
அவன் எதைச் சாப்பிடுகிறான் என்று
எனக்கு நிஜமாகவே கவலை.

காலையில் குடியாத்தத்திலிருந்து கஜபதி அண்ணன் வந்திருந்தார்.
மண்டபத்துக்கு இரண்டரை லட்சம்.
ஆம்பூர் பிரியாணி மாஸ்டருக்குக்
கேட்ட காசைக் கேட்டபடி கொடுத்தாராம்.
என்னிடம்தான்,
"பட்டன அமுக்கறதுக்கு இவ்ளோவாம்மா?"
பட்டனை அமுக்குவது இலவசம் அண்ணே,
எப்போது அமுக்கக் கூடாது என்பதற்குத்தான் காசு.
இது அவர் பைபாஸ் தாண்டிய பிறகு தோன்றியது.
எதிரில் இருந்தபோது
"பார்த்துக் குடுங்கண்ணே" என்றேன்.
பார்த்துக் குடுங்க.
என் தொழிலில் இதைவிட
விலையுயர்ந்த இரண்டு சொற்கள் கிடையாது.
ஒவ்வொரு முறையும்
பத்தாயிரம் ஆகிறது எனக்கு.

பட்டியலில் தயக்கமில்லாத வரி ஒன்றுதான்:
பாஸ்போர்ட் சைஸ், எட்டு பிரதி, எண்பது.
காட்பாடியில் ரயிலிறங்கி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள்
விண்ணப்பத்தில் ஒட்ட வாங்கிப் போவது.
யாரும் அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

போன வியாழன் தபன் வந்தார், மனைவி மிதாலியோடு.
மால்டா பக்கம் ஏதோ ஊர்.
மறுநாள் தலையை மழிக்கிறார்கள்,
அதற்கு மறுநாள் திறக்கிறார்கள்.
முடியோடு ஒரு படம் வேண்டும், பெரிதாக.
என் ஹிந்தி காய்கறி வாங்கப் போதும்,
இதற்குப் போதவில்லை.
மிதாலி வகிடு எடுத்தாள், கலைத்தாள்,
மறுபக்கம் எடுத்தாள்.
விளக்கை நகர்த்தினேன், குடையை நகர்த்தினேன்.
நாற்பது நிமிஷம் அந்த முகம்
விண்ணப்பத்தில் ஒட்டின முகமாகவே இருந்தது.

காசு வேண்டாம்க்கா என்று கண்ணால் சொன்னான் இர்ஃபான்.
நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.
வேண்டாம் என்பதை ஹிந்தியில்
எப்படிக் கௌரவமாகச் சொல்வது என்று
தேடிக்கொண்டிருந்தேன்.
அதற்குள் அவர் "கித்னா?" என்றார்.
பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது: நானூற்றைம்பது.

"முந்நூறு" என்றார்.
மிதாலி முழங்கையால் இடித்தாள்.
பக்கத்துக் கடையில் இருநூற்றைம்பதாம்.
பக்கத்துக் கடை மருந்துக் கடை என்றேன்.
பொண்ணுக்கு ஜூனில் ஸ்கூல் ஃபீஸ் இருக்கு தீதி,
கூரைக்குத் தகரம் மாத்தணும்,
திரும்பிப் போக டிக்கெட் மூணு,
என்று விரலை மடக்கி எண்ணினார்.
மூணு.
துணைக்கு வந்த தம்பிக்கும் சேர்த்து.

அப்போதுதான் அமுக்கினேன்.
அதுதான் படம்.

பிறகு நானும் விடவில்லை.
நானூறு என்றேன். முந்நூற்றைம்பது என்றார்.
முந்நூற்று எண்பதில் நின்றோம்,
சந்தையில் ஆடு கைமாறியவர்கள் மாதிரி
ரெண்டு பேருக்கும் கொஞ்சம் நஷ்டம்,
கொஞ்சம் சிரிப்பு.

மணி பன்னிரண்டரை.
முப்பத்தெட்டை அழித்தேன்.
நாற்பத்திரண்டு என்று எழுதினேன், பேனாவில்.
பெரிய படம் என்ற வரியை
விலை போடாமல் விட்டுவிட்டேன்.

லேப்பிலிருந்து வந்த உறை அலமாரியில் இருக்கிறது.
கட்டுப் பிரித்ததும் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.
மேலே இர்ஃபானின் கோழிக் கிறுக்கல்:
தபன். 380. பாக்கி இல்லை.