மொட்டைமாடி அறையிலிருந்து ஓசூர் வண்டி

சுவரிலிருந்து சுவருக்குப் பதினோரு தப்படி.
நடக்கச் சொன்னார்கள், நடக்கிறேன்.
வெறுமனே நடந்தால்
மூன்றாம் சுற்றில் பயமும் கூட நடக்கிறது.
அதனால் ஊர் வைத்தேன்:
கதவு தர்மபுரி,
ஜன்னல் காரிமங்கலம்,
திரும்பினால் காவேரிப்பட்டணம்.
இருபது வருசம் தோளில் பையோடு
முன்படிக்கும் பின்படிக்கும் அலைந்த கால்
பழைய வேலையைத்தான் செய்கிறது.
ஆள்தான் இல்லை.

எட்டு மணிக்கு வெயில் கட்டிலில் ஏறும்.
சட்டையைக் கழற்றி உட்காருவேன்,
அது இறங்கும்வரை.

மாதம்மாள் களியும் கீரைக் கடைசலும் படியில் வைத்து
கைப்பிடியில் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டுவாள்.
கல்யாணமான பதினாறு வருசத்தில்
ஆறாத களி நான் தின்பது இப்போதுதான்.

மச்சான் அனுப்பும் சாவுக் கணக்கை
திறக்காமல் அழிக்கிறேன்.
அழித்தபிறகு அரைநாள்
யார் பேர் இருந்ததோ என்றிருக்கும்.

ஒன்பதாம் நாள்
விரலில் மாட்டியது தொண்ணூற்று மூன்று என்றது.
வண்டி சூளகிரி ஏற்றத்தில் நின்றுவிட்டது.
குப்புறப் படுத்து மூச்சை எண்ணினேன்,
டிப்போவில் சில்லறை அடுக்குவதுபோல்
பத்துப் பத்தாக.

இரவு முனிரத்தினம் கூப்பிட்டார்.
ஏழு வருசம் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்த டிரைவர்.
எங்கள் பேச்செல்லாம் விசில்தான்:
ஒன்று நில், இரண்டு போ.
பெரியாஸ்பத்திரி வார்டிலிருந்து பேசினார்.
"மூணு பந்த உறிஞ்சித் தூக்கச் சொல்றாங்கய்யா,
ஒண்ணுதான் எந்திரிக்குது."
தூக்கம் வருதாண்ணே என்றேன்.
"கண்ண மூடினா ரோடு வருது."

வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.
ஆணியில் தொங்கிய விசிலை எடுத்து
இருந்த காற்றில் ஊதினேன்.
முதலாவது வெறும் எச்சில்.
இரண்டாவது கேட்டிருக்க வேண்டும்:
தெருவில் நாய் குரைத்தது,
கீழே மாதம்மாள் விளக்கைப் போட்டாள்,
முனிரத்தினம் சிரிக்கத் தொடங்கி
இருமினார்,
நெடுநேரம் இருமினார்.
பிறகு கேட்டார்,
"படியில யாரும் தொங்கலையே?"
இல்லண்ணே.
"அப்ப இன்னொண்ணு குடு,
நீ குடுத்தது ஒண்ணுதான்."

இன்று பன்னிரண்டாம் நாள்.
அவருக்கு இரண்டு பந்து எழுகிறதாம்,
மூன்றாவது ஆடுகிறதாம்.
எனக்குக் குருபரப்பள்ளி வரைதான் முடிகிறது.
அங்கே நிறுத்தி
வெந்நீர் குடிக்கிறேன்.
ஏன் நிற்குது என்று கேட்க
வண்டியில் ஒருவரும் இல்லை.