பதினைந்து நிமிடத்தில் வருகிறேன்

எம்மெட் வொன்ட்ராசெக்கைப் புதைத்துவிட்டு வந்தோம்.
நெப்ராஸ்காவில் பிப்ரவரி மண் இரும்பு.
முந்தின நாளே பொக்லைன் வைத்துக் குழி தோண்டினார்கள்.
பாதியில் போல்ட் முறிந்துபோய்
என்னிடம் வந்தார்கள்.
வேறெங்கே போவார்கள்?
அவன் கடை மூடியிருந்தது.

முப்பத்தொரு வருடம்
தெருவுக்கு அந்தப்பக்கம் அவன், இந்தப்பக்கம் நான்.
ஆயிரத்து நானூறு பேர் உள்ள ஊருக்கு
இரண்டு ஹார்ட்வேர் கடை ஆகாது என்று
வங்கி மேலாளர்
அவனிடமும் சொல்லியிருந்தார், என்னிடமும் சொல்லியிருந்தார்.
யாருக்கு முதல் போணி என்று
காலையில் கண்ணாடி வழியே பார்த்துக்கொள்வோம்,
பார்க்காத மாதிரி.

நல்லவன் என்று பாதிரியார் சொன்னார்.
சொல்லட்டும், அது அவர் வேலை.
என் பெயின்ட் விலையை வேவு பார்க்க
மச்சினனை அனுப்புவான்.
டப்பாவுக்குப் பத்து சென்ட் குறைத்து
மறுநாள் எழுதிப் போடுவான்.
சர்ச்சுக்கு இரவல் கொடுத்த ஏணி
ஒரு படி குறைந்து திரும்பியதை
பதினெட்டு வருடம் மறக்கவில்லை.
அவன் வெட்டிய சாவி எதுவும்
முதல் தடவையில் திறந்ததில்லை.

மதியம் பன்னிரண்டே கால்.
கதவில் அட்டை திரும்பும்:
பதினைந்து நிமிடத்தில் வருகிறேன்.
ஒரு நாளும் பதினைந்து இல்லை.
நாற்பது. சில நாள் ஐம்பது.
லவர்னுக்குக் கை நடுங்கத் தொடங்கிய
வருடத்திலிருந்து அப்படி.
மூன்று தெரு நடந்து போய்,
சூப்பை ஆறவைத்துப் புகட்டி,
அவள் தலையைச் சீவிப் பின்னி முடித்து,
அதே மூன்று தெரு திரும்பி நடந்து வருவான்,
மேல்கோட்டில் ஒரு நரைமுடி ஒட்டியிருக்க.

தானியக் கிடங்கு ஆட்களுக்கு
கடைக்கு வர அந்த நேரம்தான் உண்டு.
அவன் கதவை இழுத்துப் பார்ப்பார்கள்.
அட்டையைப் படிப்பார்கள்.
பிறகு தெருவைக் கடப்பார்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன்:
என் மகன் கல்லூரியில் படித்தது
அந்த அட்டையின் காசில்.

ஒருமுறை கேட்டேன்,
மதியத்துக்கு ஒரு பையனை வைத்துக்கொண்டால் என்ன?
பனியைத் தள்ளிக்கொண்டிருந்தவன்
நிமிராமலே சொன்னான்:
"ஆள் வைத்தால் நான் வீட்டிலேயே இருந்துவிடுவேன்.
அப்புறம் ஊருக்கு உன் கடை ஒன்றுதான்.
பாவம், ஊர்."

ட்ரூடிக்குப் பந்தாட்டம் இருந்தால் மூன்று மணிக்கே விளக்கு அணையும்.
ஜெயித்தாலும் தோற்றாலும்
எதிரணிக்கும் சேர்த்து ஐஸ்கிரீம்.
எந்தக் கணக்கில் எழுதினானோ.

அடக்கம் முடிந்து, சர்ச் நிலவறையில்
காப்பியும் கொலாச்சியும்.
சக்கர நாற்காலியில் லவர்ன்.
யாரோ அவசரமாகப் பின்னிய சடை,
இடப்பக்கம் சாய்ந்திருந்தது.
பன்னிரண்டே கால் ஆனதும்
அவள் கதவைப் பார்த்தாள்.
நானும் பார்த்தேன்.
பழக்கம்.

வியாழக்கிழமை ட்ரூடி சாவியைத் தந்தாள்.
சரக்கைப் பார்த்து ஒரு விலை சொல்லுங்கள்,
அப்பா உங்கள் பெயரைத்தான் எழுதிவைத்திருக்கிறார்,
நீங்கள் ஏமாற்றினால் தனக்குக் கண்டுபிடிக்கத் தெரியும் என்றும்.

சாவி திரும்பவில்லை.
அவனே வெட்டியது போலிருக்கிறது.
கொஞ்சம் வெளியே இழுத்து, மேலே தூக்கித் திருப்பினேன்.

ஆணி, கீல், குழாய்த் திருகு,
எண்ணிக்கொண்டே வந்தேன்.
கல்லாவுக்குக் கீழ் இழுப்பறையில்
அரை அங்குல வாஷர்களுக்குப் பக்கத்தில்
ஒரு சீப்பு, நீல ரிப்பன் ஒரு சுருள்.
கடை முழுக்க
விலைச்சீட்டு ஒட்டாதவை அவைதான்.
பட்டியலில் எழுதவில்லை.
எழுத எந்தப் பத்தியும் இல்லை.

வெளியே வரும்போது மணி ஒன்று.
தெருவுக்கு அந்தப்பக்கம்
என் கடை வாசலில் தானியக் கிடங்கு ஆட்கள் மூன்று பேர்,
கதவை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
அட்டை ஒன்றும் நான் மாட்டியிருக்கவில்லை.
கடக்க அவர்களுக்குத் தெருவும் இல்லை.
கைகளை அக்குளில் செருகிக்கொண்டு
நின்றார்கள்.