ஒரு கல் கம்மி

காய்ச்சல் நாலாம் நாள் இறங்கிவிட்டது.
அஞ்சாம் நாள் காலை
பல் தேய்த்தபோது பேஸ்ட் நுரைத்தது,
அவ்வளவுதான்.
செங்கல் தூளைத் தேய்த்திருந்தாலும்
அதே வாய்.

ஊறுகாய் பாட்டிலைத் திறந்து நக்கினேன்.
எரிச்சல் வந்தது, மிளகாய் வரவில்லை.
சர்க்கரை மணல்.
பெருங்காய டப்பாவுக்குள் மூக்கை விட்டேன்.
டப்பாதான் இருந்தது.

வேலூரில், ஆஸ்பத்திரிக்குப் பின்னால், லாட்ஜ் சந்தில்
ஏழு வருஷமாக நிற்கிறது என் தள்ளுவண்டி.
வைத்தியத்துக்கு வந்த வங்காளிப் பையன் ஒருவன்
பலகையில் அவன் எழுத்தில் ‘இட்லி’ என்று எழுதித் தந்தான்.
இட்லி என்றுதான் எழுதினானா, அவனுக்கே வெளிச்சம்.
எனக்குத் தெரிந்த வங்காளம் நாலு வார்த்தை.
அதில் ஒன்று நூன்.
உப்பு.

பத்து நாள் கழித்துக் கடை திறந்தேன்.
கை அதன் போக்கில் போட்டது.
நாக்கு மேற்பார்க்காத கைக்கு என்ன தெரியும்?
மால்டாக்காரர் தபன் மொண்டல்,
அம்மாவுக்கு ரேடியேஷன் பன்னிரண்டாம் நாள்,
சாம்பாரைத் தொட்டுவிட்டு
“நூன் பேஷி” என்றார், என்னை நோகடிக்காத குரலில்.
மறுநாள் குறைத்தேன்.
ஒன்றும் சொல்லவில்லை.
தட்டில் பாதி மிச்சம்.

முகக்கவசத்துக்கு மேல் கண் மட்டும் தெரிந்த
சின்ன டாக்டரம்மா சொன்னாள்:
“வாசனை நரம்பு சாகலைம்மா.
பக்கத்துலயே நின்னு அதுக்கு ஆக்கிப்போடுற செல்லு ஒண்ணு இருக்கு,
வைரஸ் அதைத்தான் அடிச்சிருக்கும்.”
ஆக்கிப்போடுகிறவளாகப் பார்த்து அடித்திருக்கிறது.
“எப்ப வரும்?”
“வரும்போது வரும்.”

எதிர்வாடையில் நவநீதத்தின் கடை.
முதலில் ஒரே வண்டிதான், ரெண்டு பேருக்கும்.
ஒரு கேஸ் சிலிண்டர் கணக்கில் பிரிந்து
ஆறு வருஷம் ஆகிறது, பேச்சு இல்லை.
அவள் வடகறிக்குக் கூட்டம் நின்ற ஒரு காலையில்
டம்ளரில் சாம்பார் ஊற்றிக்கொண்டு
ரெண்டு ஆட்டோவைப் போகவிட்டுக் கடந்தேன்.
பதினாலு அடி இருக்கும் அந்தச் சந்து.

“இன்னா?”
“நாக்கு செத்துப்போச்சு. உப்பு பாத்துச் சொல்லு.”
என்னைப் பார்த்தாள். டம்ளரைப் பார்த்தாள்.
அண்ணாந்து ஒரு மடக்கு.
“ஒரு கல் கம்மி.”

போட்டேன்.
தபன் மொண்டல் தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

அப்புறம் தினமும் டம்ளர் போகும்.
“ஒரு கல் கம்மி” திரும்பி வரும்.
சட்னிக்கும் அதேதான்.
கெடுக்க நினைத்தால்
ஒரே வாரத்தில் என்னைக் கெடுத்திருக்கலாம்.

கோட்டை மதில் கத்திரி வெயிலில் கொதித்த ஒரு மத்தியானம்
அவள் அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்தது.
எனக்கு வாடை இல்லை. புகைதான் தெரிந்தது,
தபன் மொண்டல் மூக்கில் துண்டை வைத்ததும் தெரிந்தது.
ரெண்டு எட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி
நவநீதம் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.
திரும்பவேயில்லை.

ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன்.
“உனக்குமாடி?”
“உனக்கு முன்னாடியே.
கிண்ணத்தால அளந்து ஓட்டிக்கினு கீறேன்.”
“அப்ப என் உப்பு?”
கத்தியை முந்தானையில் துடைத்தாள்.
“உன் கை எப்பவுமே ஒரு கல் கம்மி, அஞ்சலாட்சி.
அப்பல்லாம் நீ அந்தாண்ட திரும்புனா
நான்தான் போடுவேன்.”

மூணு மாசத்தில் எனக்கு வாசனை வந்தது,
விலாசம் மாறி வந்தது.
வெங்காயம் வதக்கினால் டயர் எரிகிறது.
காபியில் சாக்கடை.
அவளுக்கு இன்னும் ஒன்றுமே இல்லை.
அதனால் வெங்காயம் அவள் வதக்குகிறாள்,
எனக்கு டயர் நாறினால்
அவள் தீயைக் குறைக்கிறாள்.
சிலிண்டர் கணக்கு அப்படியே நிற்கிறது.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு காட்பாடிக்குக் கிளம்பிய அன்று
எட்டு இட்லி கட்டச் சொன்னார் தபன் மொண்டல்.
பையை வாங்கும்போது “நூன் டீக்” என்றார்.
நிஜமாகவா, மரியாதைக்கா,
கேட்க வங்காளம் போதவில்லை.