ஒரு எட்டு

அஜ்மானில் ஜூன் மாத இரவு, மணி பத்து.
ஆட்டம் தொடங்குமுன்பே பனியன் நனைந்துவிடும்.
கம்பி வலைக்குள் வாடகைப் புல்,
மணிக்கு நூற்றிருபது திர்ஹம், தலைக்குப் பன்னிரண்டு.
நான் ஸ்டாப்பர். என் வேலை முஃதஸ்.
பகலெல்லாம் ஷவர்மா கடையில் கத்தி தீட்டும் சூடான்காரன்.
இரவில் அவன் இடுப்பு ஒரு பக்கம் பொய் சொல்லும்,
கால் மறுபக்கம் போயிருக்கும்.

யாரோ கைப்பேசியில் பிடித்து அனுப்பிய
நாற்பது நொடியைப் பார்த்து
இரண்டு கல்லூரிகள் கூப்பிட்டன.

சென்னைக்காரர் முழு ஸ்காலர்ஷிப் என்றார்.
ஹாஸ்டலில் ஏசி, வெள்ளியானால் பிரியாணி.
"தம்பி, நம்ம டீம்ல ஆளுக்கு ஆள்.
ஒன்பதாம் நம்பர் உன் ஆளு.
அவன் தண்ணி குடிக்கப் போனா நீயும் போ.
பந்தைப் பாக்காத, பனியனைப் பாரு."

அப்பாவுக்கு உடனே பிடித்துப்போனது.
பத்தொன்பது வருடமாக அவரும்
ஓர் ஆளைத்தான் மார்க் செய்கிறார்.
மஜ்லிஸ் வாசல், ஆஸ்பத்திரி வாசல், பருந்துக் கடை வாசல்,
முதலாளி இறங்கிய இடமெல்லாம்
எஞ்சின் அணையாமல் நிற்கும் அவர் வண்டி.
ஒருநாளும் ஆளைத் தவறவிட்டதில்லை.
என் பள்ளி ஆட்டம் ஒன்றுகூடப் பார்த்ததில்லை.
குறையாகச் சொல்லவில்லை,
ஸ்கோர் சொல்கிறேன்.

கோயம்புத்தூர்க்காரர் பாதிக் கட்டணம்தான் தள்ளுவாராம்.
குரலில் சளி. பின்னால் யாரோ விசில் ஊதிக்கொண்டே இருந்தார்கள்.
"நாலு பேரும் ஒரே கயிறு.
உனக்கு ஆள் கிடையாது, இடம் உண்டு.
உள்ள வர்றவன் எவனோ, அப்போதைக்கு அவன்."

இரண்டு பேரிடமும் ஒன்றுதான் கேட்டேன்:
நான் பந்தைப் பறிக்க முன்னால போயிட்டா
என் இடத்துல யாரு சார்?

"கீப்பர் இருக்கான்ல" என்று சிரித்தார் சென்னை.
இவர் இருமி முடிக்க நேரமானது.
"மத்த மூணு பேரும் ஒரு எட்டு நகருவாங்க.
அதுக்குத்தான் ரெண்டு மாசம்
பந்தே இல்லாம நடக்க விடுவேன்.
நீ திரும்பிப் பாக்க வேணாம்."

அன்றிரவே சோதித்தேன்.
முஃதஸை விட்டுவிட்டு இடத்தைப் பிடித்து நின்றேன்.
வந்தான். முன்னால் போய்த் தடுத்தேன்.
என் பின்னால் யாரும் நகரவில்லை.
கோல்.
கீப்பர் அரபியில் திட்டியதில் பாதி புரிந்தது.

எங்கள் வீடு ஒரே அறை, நடுவே ப்ளைவுட்.
வாசல் பக்கம் என் மடக்குக் கட்டில்.
பெட்ஸ்பேஸ் விட்டால் மாதம் அறுநூறு வரும்;
நான் கோவை என்று சொல்லுமுன்பே
பால் அட்டையின் பின்பக்கம்
அம்மா கூட்டிப் பார்த்திருந்தாள்.
சனிக்கிழமை வருகிறார்
மன்னார்குடி கலியமூர்த்தி, பெயின்டர், இரவில் குறட்டை இல்லையாம்.
ஜெஃப்ரின் தன் மேசையை
அடுப்படிக்குள் இழுத்துப் போட்டாள்.
துணிக்கொடி ஓர் ஆணி தள்ளிப் போனது.
"சென்னைன்னா ஏசி" என்றார் அப்பா, ஒரே ஒரு தடவை.
பிறகு செருப்பு ஸ்டாண்டைக் கட்டிப்பிடித்து
சுவரோரம் நகர்த்தினார்.

ஷார்ஜா விமான நிலையத்தில்
எஞ்சினை அணைக்காமலே இறக்கிவிட்டார்.
முதலாளிக்கு ஏழு மணிக்குப் பல் டாக்டர்.
கண்ணாடிக் கதவு வரை போய்த்
திரும்பிப் பார்த்தேன்.
அவர் வண்டி நின்ற இடத்தில்
வேறொரு வண்டி நின்றது,
வேறு யாரோ பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள்.