கொண்டி

முதல் வேலையாக
நின்றபடி போகும் பீங்கான்களைப் பெயர்த்தோம்.
வகுப்பு மாடியில் பதினான்கு,
விடுதிப் பக்கம் ஒன்பது.
அறுபது வருஷத்துப் பையன்களின் உப்பு
குழாயின் தொண்டையில் மஞ்சள் கல்லாகியிருந்தது.
ஷஃபிகுல் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு
சுத்தியலை ஓங்கினான்.

மனாமாவில் ஜூலை.
வெயிலில் நிற்கும் வேலைக்கு நண்பகலில் தடை.
உள்வேலைக்கு இல்லை.
விடுமுறை என்று ஏசியை அணைத்திருந்தார்கள்.

செப்டம்பரில் பெண்பிள்ளைகள் வருகிறார்கள்.
முதல் வருஷம் முப்பத்தொன்று,
அதில் விடுதிக்கு ஏழு.
பேராயர் வந்து ஜெபித்துப் போனார்.
கேட்டில் ஒருவன் ஏணி போட்டு
‘ஆண்கள்’ என்ற சொல்லைச் சுரண்டினான்;
சொல் போன இடம்
சுற்றியிருந்த பலகையைவிட வெளுப்பாக நின்றது.
பள்ளிப் பாட்டில் குமாரர் இருந்த இடத்தில்
பிள்ளைகளைப் போட ஓர் அசை கூடிவிட்டதாம்.
பாட்டு வாத்தியார் ஒரு வாரம்
ஆர்கனோடு மல்லுக்கட்டினார்.

பர்சர் ஹார்க்னெஸ் வரைபடத்தை விரித்தார்.
கதவு இருபத்திரண்டு. கண்ணாடி எட்டு.
ரோஜா நிற டைல்ஸ்.
‘உனக்கு மகள் உண்டல்லவா? இது போதுமா?’
குழு முழுக்க டை கட்டியவர்கள்,
அதனால் குழாய்க்காரனைக் கேட்டார்.
போதும் சார் என்றேன்.
மகள் உண்டு.
பத்தொன்பது வருஷத்தில் அவளோடு இருந்த நாட்களைக் கூட்டினால்
ஒரு கல்வியாண்டு தேறும்.

வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்து
கேம்ப் கட்டிலில் கிடந்தபடி பெர்சிஸைக் கூப்பிட்டேன்.
கோவில்பட்டியில் டிப்ளமோ, கடைசி வருஷம்,
அறுபது பேர் வகுப்பில் ஆறு பெண்கள்.
வேடிக்கையாகத்தான் சொன்னேன்,
ரோஜா டைல்ஸ், எட்டுக் கண்ணாடி என்று.
அவள் சிரிக்கவில்லை.
‘கொண்டி எப்படிப்பா?’
‘எந்தக் கொண்டி?’
‘உள்பக்கக் கொண்டி. சரியா விழுமா?
கதவுக்குக் கீழ எத்தனை இன்ச் விட்டிருக்கு?
பை மாட்ட கொக்கி உண்டா?
மூடி போட்ட குப்பைக்கூடை உள்ளேயே இருக்கணும்,
வெளிய வரிசையா வைக்கக் கூடாது.’
ஆராதனைத் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்.
‘எங்க காலேஜ்ல கொண்டி போயி ரெண்டு வருஷம்.
சாயங்காலம் பஸ் இறங்குற வரைக்கும்
தண்ணி குடிக்க மாட்டோம், ஆறு பேரும்.’
அடுத்த மூச்சில்
சாப்பிட்டீங்களா என்றாள்.

போன பொங்கலுக்குக் கல்லடைப்பு என்று
ஆஸ்பத்திரிச் சீட்டு அனுப்பியிருந்தாள் அவள் அம்மா.
ஊர்த் தண்ணீர் சரியில்லை என்று
வடிகட்டும் மெஷினுக்குப் பணம் அனுப்பியவன் நான்.
குழாய் வேலைதான் எனக்குப் பிழைப்பு.

ஞாயிறு காலை பர்சர் அறைக்குப் போனேன்.
கேட்டலாகில் இருந்த கொண்டி
பார்க்க அழகு, பலமில்லை.
பித்தளையில் தடித்தது கேட்டேன்,
ஒன்றுக்கு நாலு தினார் கூடுதல்.
ஏன் என்றார்.
என் இங்கிலீஷ் அவ்வளவு தூரம் போகாது.
‘வாட்டர், சார். கேர்ள்ஸ் நோ ட்ரிங்க் வாட்டர்.’
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கையெழுத்துப் போட்டார்.
புரிந்ததா தெரியாது.

இருபத்திரண்டு அறைக்குள்ளும் போய்
பூட்டிக்கொண்டு நின்றேன்.
வெளியிலிருந்து தோளால் இடிக்கச் சொன்னேன்.
‘பாய், பைத்தியமா?’ என்றான் ஷஃபிகுல். இடித்தான்.
பதினேழாவது மட்டும் ஆடியது.
கழற்றி மறுபடி.

பள்ளி திறந்தபின் அந்த வராந்தாவில்
எங்களுக்கு அனுமதி இல்லை. சரிதான்.
எனக்குப் பம்ப் அறை.
வியாழன்தோறும் மீட்டர் எழுத வேண்டும்.
மேற்குக் கூலரின் எண்
முதல் வாரம் அசையவே இல்லை.
இரண்டாம் வாரம் கொஞ்சம்.
நேற்று எழுதியதைப் பார்த்துவிட்டு
எங்காவது கசிகிறதா பார் என்றார் ஹார்க்னெஸ்.
கசிவு இல்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

பில்லில் கொண்டி இருபத்தைந்து.
மீதி மூன்றுக்கு யாரும் கணக்குக் கேட்கவில்லை,
சோப்புக்கும் பேரீச்சைக்கும் நடுவே பெட்டியில் கிடக்கின்றன.
கதவின் கனம் எத்தனை மில்லி என்று
பெர்சிஸிடம் கேட்டிருக்கிறேன்.
திங்கட்கிழமை ஸ்கேல் எடுத்துப் போகிறாளாம்.