கிட்டத்தட்ட

வெள்ளிக்கிழமை ஆறேகாலுக்கு
ஒன்பதாம் எண் பேருந்தைப் பணிமனையில் விட்டுவிட்டு
மெரியல் ஓட்லி வருவாள்.
அந்நேரம் கிரிம்ஸ்பியில் மழை இல்லையென்றால்
அன்றைக்கு அதுவே பேச்சு.
அவள் கோட்டைக் கழற்றுமுன்
கைப்பம்பை இழுக்கத் தொடங்கியிருப்பேன்:
ஒரு பைன்ட் பிட்டர், உப்புக்கடலை.
பால் தொடமாட்டாள், முட்டை தொடமாட்டாள்,
தேனைக்கூட
"அது அவங்க வீட்டுச் சாப்பாடு" என்று ஒதுக்கிவிடுவாள்.
காற்றே கவிச்சியடிக்கும் ஊரில்
மீனில்லாமல் வாழ்கிறவள்.

அன்று கோப்பையை விளக்குக்கு நேரே தூக்கி
அதன் வழியாக என்னைப் பார்த்தாள்.
"எப்படி டன்ஸ்டன், இவ்வளவு தெளிவா?"

சும்மா கேட்டதுதான்.
நல்ல பீர் என்று சொல்லியிருக்கலாம்.
ஆறு வருடமாக அப்படித்தான்
சொல்லாமலே சொல்லி வந்தேன்.

"பார்லி, ஹாப்ஸ், ஈஸ்ட், தண்ணீர்."
"அப்புறம்?"
பேருந்து ஓட்டுகிறவர்களுக்குப்
பின்னால் நடப்பதும் தெரிந்துவிடுகிறது.

"அப்புறம் ஒரு மீன்."

மூலையில் யாரோ எறிந்த டார்ட்
பலகையில் நிற்காமல் தரையில் விழுந்தது.

"மீன்னா?"
"மீனோட காற்றுப்பை. காயவைத்து,
அமிலத்தில் கரைத்து, பீப்பாய்க்குள்."
"எந்த மீன்?"
"தெரியாது."
"அந்தப் பை மீனுக்கு எதுக்கு?"
"மூழ்காமல் மிதக்க."
"பீருக்கு?"
"மிதப்பதையெல்லாம் மூழ்கடிக்க."

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.
ஓர் அட்டையை எடுத்து
கோப்பையின் வாயை மூடினாள்.
கடலைக்குக் காசு வைத்தாள், பீருக்கும்.

கலங்கின குட்டையில் மீன் பிடிப்பார்கள்.
நாங்கள்
மீனைப் போட்டுக் குட்டையைத் தெளிய வைக்கிறோம்.
கீழே நிலவறையில் பன்னிரண்டு டிகிரியில்
சாய்ந்து கிடக்கும் பீப்பாய்கள் எல்லாம்
தேறிவிட்டன. எனக்குத்தான் தேறவில்லை.

காய்ச்சுகிற கிளெனைத் தொலைபேசியில் பிடித்தேன்.
"அதெல்லாம் அடியில் தங்கிவிடும்பா,
கோப்பைக்கு வராது,
கிட்டத்தட்ட."
"அது இல்லாமல் ஒரு பீப்பாய் அனுப்பு."
"கலங்கலை எவன் குடிப்பான்?"
"ஒருத்தி."
"ஒருத்திக்கு எழுபத்திரண்டு பைன்ட்டா?"

அனுப்பினான். நாள் கூட்டிக் கிடக்கவிட்டேன்.
முழுக்க அடங்கவில்லை.
பலகையில் சாக்கட்டியால் எழுதினேன்: மீன் இல்லை.
கத்பர்ட் ரெய்ன் ஒரு மிடறு குடித்து
"இதுல யார் கால் கழுவினது?" என்றான்;
குடித்துத் தீர்த்து
இன்னொன்று கேட்டான்.

மூன்று வெள்ளி அவள் வரவில்லை.
நாலாவதில் வந்தாள், கோட்டு நனைந்து.
எதுவும் கேட்காமல் ஊற்றிவைத்தேன்.
துறைமுகத்து விடியல்போல ஒரு நிறம்.
விளக்குக்கு நேரே தூக்கினாள்.

"உன்னைத் தெரியலையே டன்ஸ்டன்."
"இங்கேதான் இருக்கேன்."

குடித்தாள். மேலுதட்டில் நுரையோடு சொன்னாள்:
"முந்நூற்றுப் பன்னிரண்டு வெள்ளி.
சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கணக்குப் போட்டேன்.
எத்தனை மீன்னுதான் தெரியல.
ஒண்ணுகூட இல்லாம இருக்கலாம். பாதி இருக்கலாம்."

மன்னிப்பு கேட்க வாய் திறந்தேன்.
என்ன குணமோ,
வேறொன்று வந்தது:
"பார்லி அறுக்கிற இயந்திரத்தில்
வயல் எலிகள் மாட்டுமாமே?"

நிறைய நேரம் யோசித்தாள்.
மழை நின்றுகூடப் போனது.
கோப்பை அடியில் வண்டல், விரல் நுனியளவு.

"அப்போ இது சைவமான்னு கேட்டா
என்ன சொல்வே?" என்றேன்.

கிளென் சொன்ன சொல்லை
நான்தான் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும்,
எப்போது என்று நினைவில்லை.
அதையே சொன்னாள்,
கடலைத் தட்டை என் பக்கம் தள்ளியபடி.